கோட்டை எட்டும் கடைசி முழம்

பாடிப் போனவரின் கணுக்காலை ஒருவர் பிடித்துவிட்டார். இன்னொருவர் இடுப்பைக் கட்டிக்கொண்டார். நீட்டிய விரல் நுனிக்கும் நடுக்கோட்டுக்கும் நடுவே ஒரு முழம்தான் மிச்சம். வாயில் பாட்டு இன்னும் நிற்கவில்லை. அந்த ஒரு முழத்தை எட்டிவிட்டால் பிடித்த அத்தனை பேரும் அவுட். எட்டாவிட்டால் பாடிப் போனவர் அவுட். கபடியில் கூட்டம் எழுந்து நிற்பது இந்த நொடிக்குத்தான். மணிக்கட்டு முறிவதும், தோள்பட்டை இறங்குவதும், முழங்கால் முறுக்கிக்கொள்வதும் இதே நொடியில்தான்.

எல்லையை நோக்கி உடம்பைத் தரையில் எறியும் ஆட்டம் கபடி மட்டுமல்ல. கிரிக்கெட்டில் ரன் அவுட்டுக்குத் தப்ப கிரீஸை நோக்கிப் பாய்கிறார்கள். கோ-கோவில் துரத்துகிறவர் கம்பத்தைப் பிடித்தபடி முழு உடம்பையும் நீட்டி விழுகிறார். அமெரிக்காவின் பேஸ்பாலில் ஓட்டக்காரர் ஹோம் பிளேட்டை நோக்கிச் சறுக்குகிறார். ஆட்டங்கள் வேறானாலும் விழுகிற உடம்பு ஒன்றுதான். எப்படி விழுந்தால் எல்லையையும் எட்டலாம், மறுநாள் எழுந்து வேலைக்கும் போகலாம் என்ற கேள்வியும் ஒன்றுதான். காஞ்சிபுரத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. பிள்ளையார்பாளையத்திலிருந்து பொங்கல் போட்டிக்குப் போகிற பையன் பல வீடுகளில் தறியில் உட்காரும் பையனும்கூட. அவனுடைய விரலும் கணுக்காலும்தான் அந்த வீட்டின் வருமானம்.

இந்தக் கேள்வியை அதிகம் யோசித்து, விதியாகவே எழுதிவைத்தது பேஸ்பால் உலகம். ஆகவே முதலில் அங்கே போய் வருவோம்.

ஹோம் பிளேட் என்பது தரையோடு தரையாகப் பதித்த ஐந்து பக்க வெள்ளை ரப்பர் பலகை. அகலம் 17 அங்குலம். மூன்று தளங்களைச் சுற்றி ஓடி வருகிறவர் கடைசியாக இதைத் தொட்டால் ஒரு ரன். தொடுவதற்குள், அதன் அருகே நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர் பந்தோடு அவரைத் தொட்டுவிட்டால் அவுட். கேட்சரின் முழங்காலுக்குக் கீழே கெட்டியான கணைக்கால் காப்பு இருக்கும். முழு வேகத்தில் வரும் உடம்பு மோதினால் ஏதாவது ஒன்று உடையும். பல காலம் அந்த மோதலை ஆட்டத்தின் வீரமாகவே கொண்டாடினார்கள். 1970 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் பீட் ரோஸ், கேட்சர் ரே ஃபாஸியை மோதித் தள்ளி வென்ற காட்சியை இன்றைக்கும் பேசுகிறார்கள். பிறகு 2011 மே 25ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் கேட்சர் பஸ்டர் போசி மீது ஸ்காட் கசின்ஸ் மோதினார். போசியின் கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் தசைநார்கள் கிழிந்தன, அந்த ஆண்டின் மிச்ச ஆட்டங்களில் அவரால் ஆட முடியவில்லை. 2014இல் விதி மாறியது. ஓட்டக்காரர் தன் நேர்வழியை விட்டு விலகிக் கேட்சரை மோதக் கூடாது. கேட்சரும் கையில் பந்து இல்லாமல் வழியை மறிக்கக் கூடாது. எது முறையான சறுக்கல் என்பதையும் அந்த விதி சொல்கிறது. கால் முன்னே போனால், கேட்சரைத் தொடுவதற்கு முன் புட்டமும் காலும் தரையில் பட்டிருக்க வேண்டும். தலை முன்னே போனால், உடம்பு முதலில் தரையில் பட்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவான கருத்து, மனிதனைத் தொடுவதற்கு முன் மண்ணைத் தொடு என்பது. கபடிக்காரர்களும் எடுத்துக்கொள்ள வேண்டிய கருத்து இது.

தலை முன்னே போவதா, கால் முன்னே போவதா என்பது அங்கே பழைய வழக்கு. தலை முன்னே பாய்ந்தால் சீக்கிரம் எட்டலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் முதலில் அடிபடுவது விரலும் தோளும் தலையும். 2011 ஏப்ரலில் ஜாஷ் ஹாமில்டன் ஹோம் பிளேட்டுக்குத் தலை முன்னே பாய்ந்து மேற்கை எலும்பை முறித்துக்கொண்டார். 2017 மே மாதம் மைக் டிரவுட் இரண்டாம் தளத்துக்கு அப்படிப் பாய்ந்ததில் கட்டைவிரல் தசைநார் கிழிந்தது. இருவரும் அந்த ஆட்டத்தின் உச்சத்தில் இருந்தவர்கள், பயிற்சிக்குக் குறைவில்லாதவர்கள். சிறுவர்களுக்கான லிட்டில் லீக் அமைப்பு இதை யோசித்துத்தான், முன்னேறி ஓடும்போது தலை முன்னே சறுக்குவதைச் சின்னப் பிள்ளைகளுக்குத் தடை செய்திருக்கிறது. ஹோம் பிளேட்டுக்குக் கால் முன்னே சறுக்குவதுதான் அங்கே பொதுவாகச் சொல்லித்தரும் முறை. ஒரு காலை மடித்து மற்றொரு காலுக்கு அடியில் வைத்தால் 4 என்ற எண்ணின் வடிவம் வரும். புட்டத்தின் சதைப் பகுதியில் உட்கார்ந்தபடி, முகவாயை நெஞ்சோடு ஒட்டி, கைகளைத் தரையில் ஊன்றாமல் மேலே தூக்கிச் சறுக்க வேண்டும். கை தானாக ஊன்றிவிடாமலிருக்கப் பிள்ளைகளை ஒரு பிடி மண்ணை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு சறுக்கச் சொல்கிற பயிற்சியாளர்கள் உண்டு. எளிமையான, செலவில்லாத இந்த யோசனையை நம் ஊர்ப் பள்ளி மைதானத்திலும் நாளைக்கே செய்து பார்க்கலாம்.

அங்கே கற்ற இன்னொரு பாடம் தரையைப் பற்றியது. 1988இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, பேஸ்பாலின் தம்பியான சாஃப்ட்பால் ஆட்டங்களை ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் தரையில் இறுகப் பதித்த தளங்கள். மறுபாதியில் மோதினால் கழன்றுகொள்ளும் தளங்கள். முதல் பாதியில் சறுக்கும்போது ஏற்பட்ட காயங்கள் 45, இரண்டாவதில் 2. ஆட்டக்காரர்களின் திறமையில் எந்த மாற்றமும் இல்லை, தரையில் இருந்த பொருள்தான் மாறியது. காயத்துக்கெல்லாம் விழுந்தவனையே குறைசொல்லும் நம் பழக்கத்துக்கு இந்த இரண்டு எண்களே போதுமான பதில். பாதுகாப்பாக விழுவதில் பாதிப் பொறுப்பு விழுகிறவருடையது. மறுபாதி, விழுகிற இடத்தைத் தயார்செய்கிறவருடையது. இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது இதைத்தான்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். கபடி தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சேர்க்கப்பட்டதும் உலக மேடை ஏறியது. தமிழக வீரர்கள் ராஜரத்தினமும் மணத்தி கணேசனும் 1990களில் அர்ஜுனா விருது வாங்கியதும் ஊர் ஊராகப் பையன்கள் களத்தில் இறங்கினார்கள். 2014இல் புரோ கபடி லீக் வந்தது, 2017இல் தமிழ் தலைவாஸ் அணி சேர்ந்தது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற மகளிர் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். இத்தனை வளர்ந்த ஆட்டத்தில் பிடிப்பது எப்படி, தொடுவது எப்படி, போனஸ் எடுப்பது எப்படி என்று மணிக்கணக்காகச் சொல்லித்தருகிறோம். விழுவது எப்படி என்று தனியாக ஒரு பாடம் வைப்பது அபூர்வம். விழுந்து விழுந்து தானாகவே வரும் என்று விட்டுவிடுகிறோம்.

ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பால்க் கோடு, அதற்கு ஒரு மீட்டர் தள்ளிப் போனஸ் கோடு. இந்த அளவுகளிலிருந்தே ஒரு கணக்குப் போடலாம். ஐந்தரை அடி உயரமுள்ளவர் கையை முழுக்க நீட்டிக் குப்புற விழுந்தால், பாதத்திலிருந்து விரல் நுனி வரை சுமார் ஏழு அடி, அதாவது 2 மீட்டரும் கொஞ்சமும். கணுக்கால் பிடிபட்ட இடம் நடுக்கோட்டிலிருந்து அதைவிடத் தள்ளி இருந்தால், எவ்வளவு ஆவேசமாகப் பாய்ந்தாலும் கை கோட்டில் படாது. அங்கே விழுவது வீண். விழுந்த உடம்பின் மேல் மற்ற ஆறு பேரும் வந்து விழ வழிவகுப்பதுதான் மிச்சம். பிடி இறுகுவதற்குள் நின்றபடியே இரண்டு அடி இழுத்து வர முடிந்தால் வரலாம், முடியாவிட்டால் விட்டுக்கொடுத்துவிடலாம். ஒரு புள்ளிதான் போகும். அவுட் ஆனவர் தன் அணி புள்ளி எடுத்தால் மறுபடியும் உள்ளே வரலாம், முறிந்த மணிக்கட்டு ஆறு வாரத்துக்குத் திரும்பாது. பயிற்சிக் களத்தில் நடுக்கோட்டுக்கு இணையாக இரண்டு பக்கமும் 2 மீட்டரில் கோலமாவால் இன்னொரு கோடு போட்டுவைக்கலாம். அதைத் தாண்டி வந்தால் மட்டும் பாயலாம் என்று கண்ணுக்கும் காலுக்கும் பழக்கிவிட்டால், போட்டியில் யோசிக்காமலே உடம்பு முடிவெடுக்கும்.

அரைமனதோடு விழுவதைத்தான் பேஸ்பால் பயிற்சியாளர்களும் பெரிய ஆபத்தாகச் சொல்கிறார்கள். சறுக்கலாமா வேண்டாமா என்று கடைசி அடியில் தயங்குகிறவருக்குக் கணுக்கால் மடங்குகிறது. இன்னொன்றும் உண்டு. ஹோம் பிளேட்டை ஓடியே கடந்து போகலாம், நிற்க வேண்டியதில்லை. கிரிக்கெட் கிரீஸும் கபடி நடுக்கோடும் அப்படித்தான். யாரும் தொடாதபோது, நேரம் இருக்கும்போது, நின்ற காலோடு ஓடிக் கடப்பதே எல்லாவற்றையும்விடப் பத்திரம். புழுதி பறக்கக் குப்புற விழுந்தால் கைதட்டு கிடைக்கும் என்பதற்காக, சும்மா வரக்கூடிய இடத்தில் பாய்ந்து முகவாயைக் கிழித்துக்கொள்ளும் பையன்களை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கலாம்.

பாயவேண்டிய இடத்தில் எப்படிப் பாய்வது? முதல் காரியம் இடுப்பைத் தாழ்த்துவது. கணுக்கால் பிடிபட்டு நிமிர்ந்து நிற்கிற உடம்பு முன்னால் சாய்ந்தால், காலை அச்சாக வைத்து மேலுடம்பு முழு உயரத்திலிருந்து வந்து இறங்கும். தலையும் கையும் அதிக வேகத்தோடு தரையில் மோதும். முழங்காலை மடித்து இடுப்பைத் தரைக்கு அருகே கொண்டுவந்த பிறகு நீட்டினால், விழுகிற உயரமே பாதியாகிவிடும். உடம்பு மேலிருந்து கீழே போகாமல் பின்னாலிருந்து முன்னால் போகும். தரையில் படுகிற வரிசையும் முக்கியம். தொடையின் முன்பக்கம், வயிறு, நெஞ்சின் பக்கவாட்டு, முன்னங்கை, கடைசியில் உள்ளங்கை. உள்ளங்கையை ஊன்றக் கூடாது, தரையோடு தேய்த்துப் போகவிட வேண்டும். முழங்கையைப் பூட்டியதுபோல் விறைப்பாக வைக்கக் கூடாது. ஊன்றிய கையின் மேல் உடம்பின் பாரம் முழுக்க இறங்கினால் மணிக்கட்டின் சின்ன எலும்பு ஒடியும், இல்லையென்றால் அந்த அதிர்ச்சி மேலேறிக் காறை எலும்பைத் தாக்கும். விரல்களைச் சேர்த்து, நுனி கொஞ்சம் மடங்கினாற்போல் வைத்துக்கொள்ள வேண்டும். விரித்து நீட்டிய சுண்டுவிரல், யாருடைய முழங்காலுக்கு அடியிலாவது அகப்பட்டுக்கொள்ளும்.

கபடிக்கு மட்டுமே உரிய ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். பாடிப் போகிறவர் வாயைத் திறந்தபடியே விழுகிறார். பாட்டு நின்றால் அவுட். திறந்த வாயோடு முகவாய் தரையில் இடித்தால் நாக்கு பற்களுக்கு நடுவே சிக்கும், பல் உடையும். குத்துச்சண்டைக்காரர் போல் பல்காப்பு மாட்டிக்கொண்டால் பாட்டு தெளிவாக வராது, நடுவர் காதில் விழாது. ஆகவே முகத்தைத் திருப்பிக் கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. விழும்போது முகவாயை நீட்டிய கையின் தோள் பக்கம் திருப்பிக்கொண்டால், தரையில் படுவது கன்னத்தின் ஓரமாகத்தான் இருக்கும். கோட்டைப் பார்க்கும் ஆசையில் தலையைத் தூக்குகிறவர்களே முகவாயில் தையல் போட்டுக்கொள்கிறார்கள். கோடு எங்கே இருக்கிறது என்று பாய்வதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

பாடிப் போகிறவர் பல சமயம் எதிரணியைப் பார்த்தபடியே பின்வாங்குவார். அப்போது பிடிபட்டால் விழுவது மல்லாக்க. பின்மண்டை தரையில் அடிக்கிற விழுகை இதுதான். இங்கே பேஸ்பாலின் கால் முன்னே போகும் சறுக்கல் உதவுகிறது. முகவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, புட்டம் முதலில் படும்படி உட்கார்ந்து, ஒரு காலைக் கோட்டுக்கு நீட்ட வேண்டும். அல்லது விழும் முன்பே இடுப்பைத் திருப்பிப் பக்கவாட்டில் சாய வேண்டும். பின்னால் கையை ஊன்றித் தாங்கப் பார்ப்பதுதான் முழங்கை இறங்குவதற்கான நேர்வழி. பிடிபட்ட காலை உதறித் திருகி விடுவித்துக்கொள்ளப் பார்ப்பதும் தவறு. பாதம் பிடியில் அசையாமல் இருக்க, உடம்பு மட்டும் திரும்பினால் முழங்காலுக்குள் இருக்கும் சிலுவைத் தசைநார் தாங்காது. பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தசைநார் கிழிவதற்கான வாய்ப்பு ஆண்களைவிட அதிகம் என்பதை விளையாட்டு மருத்துவம் பல ஆட்டங்களில் கண்டிருக்கிறது. அவர்களுக்குக் குதித்து இறங்கும் பயிற்சியும் தொடைக்கு வலுவூட்டும் பயிற்சியும் கட்டாயம் வேண்டும்.

பிடிப்பவர்களின் தலைக்கு மேல் தாவுவதைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. தொலைக்காட்சியில் அது அழகு. பர்தீப் நர்வால் புகழாக்கிய டுப்கியில், பிடிப்பவர்கள் கைகோத்த சங்கிலிக்கு அடியில் குனிந்து நழுவும்போது உடம்பு தரைக்கு அருகிலேயே இருக்கிறது. தாவலில் உடம்பு அந்தரத்தில் இருக்கிறது, திசை மாற்ற வழியே இல்லை. அந்த நேரத்தில் பக்கத்திலிருந்து ஒருவர் மோதினால் கழுத்தோ முதுகோதான் முதலில் இறங்கும். 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஓர் ஊர்ப் போட்டியில் பாடிச் சென்ற கல்லூரி மாணவர் ஒருவர் பிடிபட்டு விழுந்து களத்திலேயே உயிரிழந்தார். பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தாவலைப் பள்ளிப் போட்டிகளில் நிறுத்திவைக்க வேண்டும் என்பது என் கருத்து. லிட்டில் லீக் தன் பிள்ளைகளுக்காக ஒரு சறுக்கலை நிறுத்தியது, அதனால் அங்கே ஆட்டம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பிடிக்கிறவர்களுக்கும் விதி இருக்கிறது. கை கால்களையும் உடற்பகுதியையும் தவிர வேறு எங்கும் பிடிக்கக் கூடாது. வாயைப் பொத்தியோ கழுத்தை நெரித்தோ பாட்டை நிறுத்தக் கூடாது. கால்களால் கத்தரிபோல் கவ்விப் பிடிக்கக் கூடாது. ஊர்ப் போட்டிகளில் மீறப்படுவது பெரும்பாலும் விசில் ஊதிய பிறகுதான். முடிவு தெரிந்த பின்னும் மேலே வந்து விழும் நான்காவது ஆளும் ஐந்தாவது ஆளும் எந்தப் புள்ளியும் சேர்ப்பதில்லை, அடியில் கிடப்பவரின் விலா எலும்பைத்தான் நெருக்குகிறார்கள். நடுவர் விசிலைச் சட்டென்று ஊத வேண்டும், அதன் பிறகு விழுகிறவருக்கு அட்டை காட்ட வேண்டும். பிடிபட்டவரைத் தூக்கி எறியாமல் தன்னோடு சேர்த்துத் தாழ்த்தி இறக்குவதும் ஒரு திறமைதான், அதையும் பாடமாகச் சொல்லித்தரலாம்.

இத்தனையும் பழக மணல் வேண்டும். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே பாலாறு இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி தண்ணீரில்லாமல் கிடக்கும் அந்த ஆற்றுப்படுகை, விழக் கற்பதற்கு நல்ல பள்ளிக்கூடம். செவிலிமேடு, ஓரிக்கை பக்கம் மணல் இன்னும் மிச்சமிருக்கும் இடமாகப் பார்த்து, மணல் அள்ளிய பள்ளமும் பாட்டில் துண்டும் இல்லையென்று நடந்து பார்த்துவிட்டுத் தொடங்கலாம். முதலில் முழங்காலில் நின்று முன்னால் சரிவது. பிறகு குந்தி உட்கார்ந்த நிலையிலிருந்து. பிறகு நடந்து வந்து. அதன் பிறகுதான் ஒருவர் கணுக்காலை லேசாகப் பிடிக்க, மற்றவர் பாய்வது. களைத்துப் போவதற்கு முன், பயிற்சியின் தொடக்கத்திலேயே இதைச் செய்ய வேண்டும். களைத்த உடம்பு பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடும்.

அடுத்து களம். கபடி விதியே தரை சமமாகவும் மிருதுவாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஆடி மாதக் கூழ் திருவிழாவுக்கும் காணும் பொங்கலுக்கும் ஊரில் போடும் களம், பெரும்பாலும் அறுவடை முடிந்த வயலோ வற்றிய ஏரியின் ஓரமோதான். மேலே புழுதி, கீழே கட்டாந்தரை. நெருஞ்சி முள், கருவேல முள், ஓட்டுச் சில்லு, கண்ணாடித் துண்டு எல்லாம் அதற்குள் இருக்கும். முதல் நாளே கொத்தி, சல்லடை போட்டு, கல்லும் முள்ளும் பொறுக்கி, செம்மண்ணும் மணலும் கலந்து பரப்பி, மாலையில் தண்ணீர் தெளித்து ஊறவிட வேண்டும். ஈரம் அதிகமானால் கால் புதைந்து முழங்கால் திருகும், குறைந்தால் புழுதி கண்ணை மறைக்கும். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாகி, விட்டதும் உதிர வேண்டும். அதுதான் பதம்.

கோடு போடும் பொருளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பல ஊர்களில் கோட்டுக்குச் சுண்ணாம்புத் தூள் தூவுகிறார்கள். கோட்டை நோக்கிப் பாய்கிறவரின் முகம் நேராக அதில்தான் இறங்குகிறது. வியர்வையும் கண்ணீரும் பட்ட சுண்ணாம்பு கண்ணின் கருவிழியை வேகவைத்துவிடும், பார்வையே போகலாம். சாக்பீஸ் தூளோ கோலமாவோ போதும். இன்னும் சில இடங்களில் நைலான் நாடாவை இழுத்துக் கட்டி ஆணி அடிக்கிறார்கள். நான்கு ஆட்டம் முடிவதற்குள் நாடா தளர்ந்து ஆணித்தலை வெளியே வந்துவிடும், அதன்மேல்தான் விரலைத் தேய்த்துக்கொண்டு ஒருவர் வருகிறார். ஆணியைக் களத்துக்கு வெளியே மட்டும் அடிக்க வேண்டும். நடுக்கோட்டின் முனைகளில் மேசை, நாற்காலி, டியூப் லைட் கட்டிய சவுக்குக் கம்பு எதுவும் இருக்கக் கூடாது.

செயற்கை விரிப்பான மேட்டில் ஆடினால் இந்தத் தொல்லைகள் இல்லை, வேறு தொல்லைகள் உண்டு. மண்ணில் உடம்பு கொஞ்சம் வழுக்கிப் போகும். மேட்டில் தோல் ஒட்டிக்கொண்டு உரியும். முழங்கையும் முழங்காலும் சூடு பட்டதுபோல் சிவக்கும். ஷூவின் பிடிப்பு அதிகம் என்பதால் பாதம் நின்ற இடத்திலேயே நிற்க, முழங்கால் திரும்புகிறது. வியர்வை சொட்டிய இடம் வழுக்குகிறது. மண்ணில் ஆடிப் பழகிய ஊர்ப் பையன்கள் மாவட்டப் போட்டிக்காகத் திடீரென்று மேட்டில் இறங்கும்போது, அவர்களுக்குத் தெரிந்த பாய்ச்சல் அங்கே செல்லாது. ஒரு வாரமாவது மேட்டில் விழுந்து பழக இடம் கொடுக்காமல் போட்டிக்கு மட்டும் அழைப்பது நியாயமில்லை. இரண்டு மேட் பலகை சேரும் இடைவெளியில் விரல் மாட்டாமல் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் பார்ப்பது அரை நிமிட வேலை.

உடம்பில் இருப்பவற்றையும் கழற்ற வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும் என்பது விதியிலேயே உண்டு. மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி, வெள்ளி அரைஞாண் எல்லாம் வீட்டில் இருக்கட்டும். கோயில் ஊர் என்பதால் பையன்கள் மணிக்கட்டில் சாமி கயிறுகள் பலவற்றைக் கட்டியிருப்பார்கள். அதைக் கழற்றச் சொல்வது சங்கடமான காரியம் என்பது புரிகிறது. கழற்ற மனமில்லாவிட்டால் அதன்மேல் துணிப்பட்டை சுற்றிக்கொள்ளட்டும். பிடிக்கிறவரின் விரல் கயிற்றில் மாட்டினால் போவது இருவருடைய கையும்தான்.

கிரிக்கெட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2019 ஜூலை 10ஆம் தேதி மான்செஸ்டரில் உலகக் கோப்பை அரையிறுதியில் மார்ட்டின் கப்டில் எறிந்த பந்தில் தோனி ரன் அவுட் ஆனார். பாய்ந்திருக்கலாமே என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பதாகப் பின்னொரு பேட்டியில் அவரே வருந்தினார். 2023 பிப்ரவரியில் மகளிர் டி20 உலகக் கோப்பையின் கேப்டவுன் அரையிறுதியில் ஹர்மன்பிரீத் கௌரின் மட்டை கிரீஸுக்கு முன்பே தரையில் குத்திக்கொண்டு நின்றுவிட, 52 ரன்னில் அவுட். இந்தியா 5 ரன்னில் தோற்றது. தரையில் குத்திய மட்டை ஆட்டத்தை மட்டும் இழக்கச் செய்வதில்லை, அதன் கைப்பிடி வயிற்றிலும் விலாவிலும் ஏறும். மட்டையைக் கைப்பிடியின் நுனியில் பிடித்து, தாழ்வாக, ஓரத்தைத் தரையில் தேய்த்தபடி, கிரீஸுக்கு ஒரு கெஜம் முன்பிருந்தே நீட்டிவர வேண்டும். முன்பெல்லாம் கோட்டைத் தாண்டிய மட்டை துள்ளி அந்தரத்தில் இருந்தாலே அவுட் கொடுத்தார்கள். 2017 அக்டோபர் 1 முதல், கோட்டுக்குள் ஒருமுறை ஊன்றிவிட்டு அதே வேகத்தில் ஓடியோ பாய்ந்தோ போகிறவருக்கு அந்தப் பயம் இல்லை. மட்டையை வலுக்கட்டாயமாகத் தரையில் அழுத்த வேண்டிய அவசியத்தையும் அது குறைத்தது. தெருவில் ஆடும் பிள்ளைகளுக்கு ஆபத்து கிரீஸில் இல்லை, ஸ்டம்பில்தான். செங்கல்லை அடுக்கி ஸ்டம்பாக்கிய இடத்திலும் சிமெண்டு சாலையிலும் பாயவே கூடாது, அங்கே பாய்ந்தால் அவுட் என்று ஆடுகிறவர்களே விதி போட்டுக்கொள்ளலாம்.

தறியைப் பற்றி முதலில் சொன்னதை இங்கே விரிக்க வேண்டும். குழித்தறியில் உட்காருகிறவருக்கு இரண்டு காலும் மிதிக்கட்டையில் வேலை செய்கின்றன. ஒரு கை நாடாவை ஓட்டுகிறது, மறு கை பலகையை இழுத்து அடிக்கிறது. அறுந்த பட்டு இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று கோர்வை போடும் சேலைக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும், பல வீட்டில் அது மகனோ தம்பியோதான். கட்டைவிரல் தசைநார் கிழிந்தால் அமெரிக்க ஆட்டக்காரருக்கு அணி சம்பளம் கொடுக்கும். இங்கே பாவு தறியிலேயே நிற்கும், கூலி நிற்கும். கணுக்கால் சுளுக்கினாலும் அப்படித்தான். ஆகவே கோட்டை எட்டக் கை முன்னே போவதா, கால் முன்னே போவதா என்ற கேள்வியில், இரண்டுக்கும் இடமிருக்கும்போதெல்லாம் நம் பையன்களுக்குக் காலை நீட்டச் சொல்லித்தர வேண்டும் என்பேன். கால் சீக்கிரம் ஆறும் என்பதால் அல்ல, அதன் எலும்பும் சதையும் விரலைவிட அடி தாங்கும் என்பதால்.

அடிபட்ட பிறகு என்ன செய்வது என்பதில் நம் பக்கத்துப் பழக்கங்கள் சில மாற வேண்டும். சிராய்ப்பில் காப்பித்தூளோ களத்து மண்ணோ வைக்கக் கூடாது. ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவினாலே பாதி வைத்தியம் முடிந்தது. மாடு கட்டிய வயல், சாணம் கலந்த மண் என்றால் டெட்டனஸ் பயம் உண்டு. 10 வயதிலும் 16 வயதிலும் போடவேண்டிய தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அணியில் பெயர் சேர்க்கும்போதே கேட்டுவிடலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் போடுகிறார்கள். விரல் கோணியிருந்தால் பக்கத்தில் நிற்கும் அண்ணன் பிடித்து இழுத்துவிடுவது வழக்கம். உள்ளே எலும்பு முறிந்திருந்தால் அந்த ஓர் இழுப்பு விரலைக் காலத்துக்கும் மடங்காமல் செய்துவிடும். எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு கட்டிக்கொள்ளும் நம்பிக்கை இந்தப் பக்கம் ஆழமானது. எங்கே கட்டுப் போட்டாலும் அதற்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், விரல் நுனி மரத்தாலோ நீலம் பூத்தாலோ கட்டை உடனே தளர்த்த வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது, அது அடிபட்டதை வெறும் சுளுக்கு என்று விட்டால் கை கோணி வளரும்.

தலையில் அடிபட்டவர் எழுந்து நின்று, ஒன்றுமில்லை அண்ணே, ஆடுறேன் என்று சொல்வார். அவர் பேச்சை அந்த நேரத்தில் கேட்கக் கூடாது. எந்த அணியோடு ஆடுகிறோம், புள்ளி எவ்வளவு என்று கேட்டால் தடுமாறுகிறாரா, வாந்தி வருகிறதா, வெளிச்சத்தில் கண் கூசுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்திருக்கிறது என்றால் நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு ஓடாமல், கிடந்தபடியே அசையாமல் வைத்து 108ஐ அழைக்க வேண்டும். நினைவிழந்து மூச்சும் இல்லாமல் கிடந்தால், வண்டி வரும்வரை நெஞ்சின் நடுவே இரண்டு கையால் வேகமாக, அழுத்தமாக அழுத்திக்கொண்டே இருக்கத் தெரிந்த ஒருவராவது களத்தில் இருக்க வேண்டும். ஊர் இளைஞர் மன்றத்தில் நாலு பேர் ஒரு நாள் ஒதுக்கினால் கற்றுக்கொள்ளக்கூடிய காரியம் அது.

போட்டி நோட்டீஸில் முதல் பரிசு எவ்வளவு, கோப்பை யார் உபயம், தலைமை யார் என்று வரிசையாக அச்சடிக்கிறோம். அதே நோட்டீஸில் முதலுதவிக்குப் பொறுப்பு யார், வண்டி எங்கே நிற்கும், பக்கத்து மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்ற மூன்று வரிக்கும் இடம் ஒதுக்கலாம். களத்தைக் காலையில் நடந்து பார்த்து ஆணி, கல், கண்ணாடி இல்லை என்று இரண்டு அணித் தலைவர்களும் நடுவரும் கையெழுத்துப் போட்ட பிறகே முதல் ஆட்டத்தைத் தொடங்குவது என்று ஏதாவது ஓர் ஊர் இந்தப் பொங்கலுக்குத் தீர்மானித்தால், பக்கத்து ஊர்களும் அடுத்த வருஷம் அதைக் கேட்கும்.